காயலான் கடையை மறந்தோம்

“மாதந்தோறும் பராமரிப்புத் தொகை கட்டுகிறோம். குப்பையைப் பிரிக்கும் வேலையும் எங்கள் தலையில்தானா?”

சென்னைப் புறநகரில் நாம் குடியிருக்கும் அடுக்குமாடியின் மொட்டை மாடியில், சென்ற மாதம் கூடிய நலச்சங்கக் கூட்டத்தில் எழுந்த கேள்வி இது. கேட்டவர் கல்லாதவர் அல்லர்; பெரிய நிறுவனமொன்றில் கணக்கு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கேட்டு அமர்ந்ததும் பலர் கைதட்டினர். அங்குள்ள முப்பத்தாறு வீடுகளில் ஏறத்தாழப் பாதி நம்மவர் வீடுகள். கைதட்டியோரிலும் அந்த விகிதம் குறையவில்லை. முன்வரிசையில் அமர்ந்திருந்த நாம் கைதட்டவில்லை, வாயும் திறக்கவில்லை. திறவாமைக்கு ஒரு காரணம் உண்டு. அதனைப் பின்னர் கூறுவோம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடியிருப்பில் மூன்று தொட்டிகள் வைக்கப்பட்டன. ஈரக் கழிவுக்குப் பச்சை, உலர்ந்ததற்கு நீலம், அபாயமானவற்றிற்குச் சிவப்பு. திறப்பு விழாவே நடந்தது. தேநீரும் சமோசாவும் வழங்கினர். அந்தத் தேநீர் குடித்த காகிதக் குவளைகள்தாம் நீலத் தொட்டியில் விழுந்த முதற்பொருள். காகிதக் குவளையின் உட்புறம் மெல்லிய பிளாஸ்டிக் பூசப்பட்டிருப்பதால், பழைய காகிதம் வாங்குவோர் அதனைத் தொடமாட்டார்கள் என்பது விழா நடத்தியவர்களுக்குத் தெரியாது. துஆ ஓதிய நமக்கும் தெரியாது.

தொட்டிகளை எங்கே வைப்பது என்பதில் தொடங்கிற்று சச்சரவு. மின்தூக்கிக்கு அருகில் வைத்தார்கள். கீழ்த்தளத்து வீட்டார் நாற்றம் என்றனர். வாகனம் நிறுத்துமிடத்திற்கு நகர்த்தினார்கள். அந்த இடத்திற்குப் பத்திரம் வைத்திருப்பவர் வழக்குத் தொடுப்பேன் என்றார். இறுதியில் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால், இரவில் விளக்கில்லாத மூலையொன்றில் அவை தஞ்சம் புகுந்தன. பிள்ளைகளிடம் பையைக் கொடுத்து அனுப்புவார்கள். பிள்ளைகள் இருட்டுக்கு அஞ்சித் தூரத்திலிருந்தே வீசிவிட்டு ஓடிவருவார்கள். பச்சை எது, நீலம் எது என்று பார்த்து எறிய அவர்களென்ன ஆந்தைகளா? இரண்டு மாதங்களில் மூன்று தொட்டிகளிலும் ஒரே பண்டந்தான் கிடந்தது. பாதி வீடுகளில் குடியிருப்போர் வாடகைக்கு வந்தவர்கள். உரிமையாளர்கள் துபையிலும் ஜித்தாவிலும் இருந்தார்கள். சங்கத்தின் சுற்றறிக்கை உரிமையாளரின் கைபேசிக்குச் சென்றது. குப்பை குடியிருப்பவரின் அடுப்படியில் இருந்தது.

உரத்தொட்டியின் கதையும் இவ்வாறே முடிந்தது. கிணற்றுக்கு இறக்கும் சிமென்ட் உறைகள் இரண்டைத் தோட்டத்து ஓரத்தில் வைத்துக் காய்கறிக் கழிவைக் கொட்டினார்கள். ஈரக் கழிவை மட்டும் கொட்டிக்கொண்டே போனால் அது ஒன்றோடொன்று ஒட்டிக் காற்று புக வழியின்றி அழுகி நாறும். ஒவ்வொரு முறையும் காய்ந்த சருகோ தென்னைநார்த் துகளோ மேலே தூவி, வாரத்திற்கு ஓரிரு முறை கிளறிவிட வேண்டும். அப்போதுதான் அது மண்வாசனையுள்ள எருவாகும். மரத்திலிருந்து விழுந்த சருகையோ எங்கள் காவலாளி தினமும் கூட்டிக் கொளுத்திக்கொண்டிருந்தார்! மருந்து பத்தடி தூரத்தில் எரிந்துகொண்டிருக்க, நோயாளி இங்கே நாறிக்கொண்டிருந்தான். இதனிடையே ஒரு வலீமா விருந்தில் எஞ்சிய பிரியாணியை எலும்போடு அந்த உறைக்குள் கவிழ்த்துவிட்டார்கள். மறுநாள் முதல் எலிகள் படையெடுத்தன. உறைகளின் மேல் பலகை போட்டு மூடி, “இந்தத் திட்டம் நம் நாட்டுக்குச் சரிவராது” என்று தீர்ப்பும் எழுதிவிட்டார்கள்.

நம் நாட்டுக்குச் சரிவராதாம்! ஈண்டுச் சற்றே மொழியாராய்ச்சி செய்ய வாசகர்கள் இசைய வேண்டுகிறோம். ‘குப்பை’ என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் குவியல் என்றே பொருள். உமணர் விளைத்த உப்பின் குவியலையும் புலவர்கள் குப்பை என்றே பாடினர். இன்றும் நம் சிற்றூர்களில் வயலுக்குக் ‘குப்பை அடிப்பது’ என்றால் எரு ஏற்றிச் சென்று கொட்டுவதே ஆகும். அரபு மொழியிலோ குப்பைக்கு ‘ஸுபாலா’ என்று பெயர். அதன் வேர்ச்சொல்லான ‘ஸிப்ல்’ என்பதற்கு எரு என்று பொருள். நாம் கற்ற இரு மொழிகளுமே வயலுக்கு ஊட்டமாகும் பொருளைச் சுட்டிய சொல்லைத்தான் பின்னர் வெறுத்தொதுக்கும் பொருளுக்குச் சூட்டியிருக்கின்றன. சொல் மாறவில்லை, பொருள்தான் கெட்டது. எதனால் கெட்டது? கலப்பினால். சோற்றுப்பருக்கை எருவாகும், செய்தித்தாள் அட்டையாகும். இரண்டையும் ஒரே பையில் போட்டுச் சாம்பாரையும் ஊற்றி முடிச்சுப் போட்டால், அது எருவும் ஆகாது, அட்டையும் ஆகாது.

இதனை நம் பாட்டனார்கள் அறிந்திருந்தார்கள். சென்னை நகரத்தில் பழைய இரும்பும் தகரமும் காகிதமும் வாங்கும் கடைக்குக் ‘காயலான் கடை’ என்று பெயர் வழங்குவதை எல்லாரும் அறிவர். காயல்பட்டினத்து முஸ்லிம்கள் அத்தொழிலில் முன்னோடிகளாக இருந்தமையால் அப்பெயர் வந்தது என்பது வழக்கு. கப்பலேறி முத்தும் பவளமும் விற்ற ஊராரின் பெயர், பழைய தகர டப்பாவுக்கு விலை பேசும் கடைக்கு நிலைத்ததில் நமக்கு இழுக்கு ஏதுமில்லை, பெருமையே உண்டு. உலகம் இன்று ‘மறுசுழற்சி’ என்று மாநாடு கூட்டிப் பேசுவதை, அவர்கள் தராசும் கையுமாகச் செய்துகாட்டினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளாகிய நாமோ ‘காயலான் கடை’ என்ற சொல்லை உதவாதவற்றிற்கு அடைமொழியாக்கி, ஓடாத வண்டியைச் சுட்டிச் சிரிக்கிறோம்.

இனி, அன்று நாம் வாய் திறவாத காரணத்திற்கு வருவோம்.

கூட்டம் கூடியதே ஒரு விபத்தினால்தான். எங்கள் குடியிருப்பில் குப்பை அள்ளும் அம்மையார், நீலத் தொட்டியைக் கையால் துழாவிப் பால் உறைகளைத் தனியே எடுக்கையில், ஊசி ஒன்று உள்ளங்கையில் இறங்கிவிட்டது. அழைத்துச் சென்ற மருத்துவமனையில் தடுப்பூசி போட்டார்கள். பிறர் இரத்தம் பட்ட ஊசியினால் மஞ்சட்காமாலையும் அதனினும் கொடிய நோய்களும் தொற்றக்கூடும் என்பதால், சில மாதங்கள் வரை மீண்டும் மீண்டும் இரத்தத்தைச் சோதிக்க வேண்டும் என்றார்கள். “ஊசி யார் வீட்டுடையது?” என்று செயலாளர் கூட்டத்தில் கேட்டார். விடையில்லை. குறிப்பேட்டில் ‘தெரியவில்லை’ என்று எழுதிக்கொண்டார்.

அந்த ஊசி நம்முடையது. பதினோர் ஆண்டுகளாக நீரிழிவுக்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறோம். ஊசிக்குரிய சிவப்புத் தொட்டி இருட்டு மூலையில் இருக்கிறது. நமக்கோ முழங்கால் வலி. மூடியைப் போட்டால் போதுமென்று காய்கறித் தோலோடு சேர்த்துக் கட்டிவிடுவோம். மூடி கழன்றிருக்கிறது. மூன்று நாள் பொறுத்து அந்த அம்மையாரைத் தனியே கண்டு உண்மையைச் சொன்னோம். அவர் வியக்கவில்லை. “தெரியும் பாய். அந்த ஆரஞ்சு மூடி உங்க வீட்டுப் பையிலதானே வரும்” என்றார். தெரிந்திருந்தும் கூட்டத்தில் அவர் சொல்லவில்லை. நம் இரத்தத்தைச் சோதித்துக் குற்றமில்லையென்ற சீட்டை அவரிடம் கொடுத்தோம். அவருடைய சோதனைகள் இன்னும் முடியவில்லை.

பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதும் ஈமானின் கிளைகளுள் ஒன்று என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்ததை நாம் எத்தனையோ மேடைகளில் விளக்கியிருக்கிறோம். முள்ளை எடுத்து மற்றொருவர் நடக்கும் பாதையில் போடுவதற்கு ‘அகற்றல்’ என்று பெயரில்லை என்பதை ஒருநாளும் விளக்கியதில்லை. நம் வாயிலிலிருந்து அகன்ற குப்பை எங்கே போகிறது? தென்சென்னைக் குப்பை பல்லாண்டுக் காலம் பெருங்குடிக்குப் போயிற்று. வடசென்னைக் குப்பை கொடுங்கையூருக்குப் போயிற்று. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பெருங்குடிக் கிடங்கு 2022 ஏப்ரலில் தீப்பற்றி நாட்கணக்கில் எரிந்தது. அந்தப் புகையைச் சுவாசித்த பிள்ளைகள் யாருடைய பிள்ளைகள்? அங்கே குடியிருப்பவர்கள் பராமரிப்புத் தொகை கட்டாதவர்கள் என்பதனால் அவர்களுடைய நுரையீரலுக்கு உரிமை இல்லாமற் போய்விடுமா?

“சிங்கப்பூரைப் பாருங்கள்” என்றார் கூட்டத்தில் மற்றோர் அன்பர். அவருடைய மகன் அங்கே இருக்கிறார். நம் உறவினரும் அங்கே உண்டு; ஆகவே நாமும் பார்த்தோம். அங்கே 2014-ஆம் ஆண்டு முதல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் ஒவ்வொரு புளோக்கிற்கும் நீலத் தொட்டி உண்டு. தெரு துடைத்துவிட்டாற்போல் இருக்கும். ஆயினும் 2024-இல் அந்நாட்டு வீடுகளின் கழிவில் மறுசுழற்சிக்குச் சென்றது 11 விழுக்காடு மட்டுமே. நீலத் தொட்டியில் விழுவதில் ஏறத்தாழ 40 விழுக்காடு மறுசுழற்சிக்கு ஆகாத பண்டம் என்று அந்நாட்டுத் தேசியச் சுற்றுப்புற வாரியமே கூறுகிறது. பணம் இருக்கிறது, ஒழுங்கு இருக்கிறது, தண்டமும் இருக்கிறது. பிறகேன் இந்த நிலை? பழைய அடுக்குமாடிகளில் குப்பை எறியும் துவாரம் சமையலறையிலேயே இருக்கிறது. நீலத் தொட்டியோ கீழே, பத்து மாடிக்கு அப்பால். அதில் எறிபவரின் முகம் எவருக்கும் தெரியாது. ஊருக்கெல்லாம் பொதுவான தொட்டி எவருக்கும் உரியதன்று. எங்கள் ஜெனரேட்டர் மூலைக்கும் சிங்கப்பூர் நீலத் தொட்டிக்கும் பளபளப்பில்தான் வேற்றுமை.

ஆகவே சிங்கப்பூரை விடுத்துக் கெய்ரோ நகரைப் பார்க்கச் சொல்வோம். மேலே சொன்ன ‘ஸுபாலா’ என்ற சொல்லிலிருந்து அங்கே ‘ஸப்பாலீன்’ என்றொரு கூட்டத்தாரின் பெயர் பிறந்தது. குப்பை அள்ளுவோர் என்பது பொருள். மேல் எகிப்திலிருந்து 1940-களில் பிழைக்க வந்த ஏழை உழவர்கள். பெரும்பாலோர் கிப்திக் கிறித்தவர்கள். முகத்தம் குன்றின் அடிவாரத்தில் குடியிருக்கிறார்கள். மாடிப்படி ஏறி ஒவ்வொரு வீட்டு வாயிலிலும் குப்பையைப் பெற்று, தங்கள் வீட்டு முற்றத்தில் கொட்டிப் பிரித்து, காகிதம், தகரம், துணி, பிளாஸ்டிக் என்று விற்பார்கள். உணவுக் கழிவைப் பன்றிகளுக்கு இடுவார்கள். அள்ளியதில் 80 விழுக்காடு வரை மீண்டும் பயன்படச் செய்தார்கள் என்பது பலரும் எடுத்துக்காட்டும் கணக்கு. இவர்களுக்கு முன்னரே பாலைவனச் சோலைகளிலிருந்து வந்த ‘வாஹிய்யா’ என்னும் முஸ்லிம்கள், கட்டடங்களின் உரிமையைப் பிடித்துக்கொண்டு மாதக் கட்டணத்தை வாங்கினார்கள். கட்டணம் இவர்களுக்கு, அழுக்கு அவர்களுக்கு. இதையும் மறைக்காமல் எழுதுவதே நேர்மை.

2003-ஆம் ஆண்டு அந்நகர ஆட்சியினர் ஐரோப்பியக் கம்பெனிகளுக்குக் குத்தகை கொடுத்தார்கள். கம்பெனிகள் தெருவில் பெரிய தொட்டிகளை வைத்து, ‘கீழே கொண்டுவந்து போடுங்கள்’ என்றன. கட்டணம் மின்சாரச் சீட்டோடு சேர்ந்து வந்தது. மக்கள் கீழே இறங்கவில்லை; வாயிலுக்கு வரும் ஸப்பாலுக்கே தனியாகவும் பணம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கம்பெனிகள் மறுசுழற்சி செய்ய வேண்டுமென்று விதிக்கப்பட்ட அளவோ 20 விழுக்காடுதான்! 2009-இல் பன்றிக் காய்ச்சல் பீதியில் நாட்டிலிருந்த சுமார் மூன்று லட்சம் பன்றிகளைக் கொன்றொழித்தார்கள். பன்றி நமக்கு ஆகாது என்பது வேறு விஷயம்; அதன் பின் உணவுக் கழிவை வாங்க ஆளின்றிக் கெய்ரோ தெருக்கள் நாறின என்பது மறுக்கவொண்ணா உண்மை. கையோடு கை மாறிய ஒரு தொழிலை அழித்துவிட்டு அவ்விடத்தில் தொட்டியை வைத்தால் என்னாகும் என்பதற்கு அந்நகரமே சாட்சி.

எங்கள் சங்கமும் அத்தவறைச் சிறிய அளவில் செய்தது. முன்பு அட்டைப்பெட்டிகளையும் செய்தித்தாள்களையும் காவலாளி சேர்த்து விற்றுத் தேநீர்ச் செலவுக்கு வைத்துக்கொள்வார். ‘திட்டம்’ வந்ததும் அந்த வருமானம் சங்கத்தின் கணக்கில் சேர வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். முதல் மாதம் எழுநூறு ரூபாய் வந்தது. அந்த எழுநூறு ரூபாயைப் பங்கிடுவதா, பூச்செடி வாங்குவதா என்று முப்பத்தாறு குடும்பங்கள் ஒன்றரை மணி நேரம் வாதாடின. மறுமாதம் முதல் காவலாளி அட்டையைத் தொடவில்லை. ஏன் தொடுவார்? நம் மதரஸாவில் முளாரபா என்னும் கூட்டு வாணிபச் சட்டத்தை மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறோம். முதலீடு ஒருவருடையதாயினும் உழைத்தவருக்குப் பங்கு உண்டென்பதை முதலாண்டு மாணவனும் சொல்வான். குப்பையில் நம் முதலீடு யாது? எறிந்ததுதான்!

“நாம் பிரித்துக் கொடுத்தாலும் வண்டிக்காரர் ஒன்றாகக் கொட்டிக்கொண்டு போகிறாரே, பிரித்து என்ன பயன்?” என்று கேட்பவர்களுக்கு விடை சொல்லாமல் நழுவுவது முறையன்று. இது மெய், நம் கண்ணாலேயே கண்டிருக்கிறோம். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்கச் சொல்லின. ஐயாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புகள் ஈரக் கழிவை இயன்றவரை தம் வளாகத்திலேயே உரமாக்க வேண்டுமென்றும் கூறின. 2026-இல் வந்த விதிகள் நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன. அதிகாரிகள் தம் விதியைத் தாமே மதிக்காவிடில் கண்டிக்கத்தான் வேண்டும். கையெழுத்து வாங்கி மனுக் கொடுக்க நாமும் வருவோம். ஆனால் அந்த வண்டியில் ஏற வேண்டியது எவ்வளவு? ஈரம் எருக்குழிக்குப் போயிற்று. காகிதமும் கண்ணாடியும் தகரமும் கழுவிய பால் உறையும் காயலான் கடைக்குப் போயின என்றால் எஞ்சுவது கொஞ்சந்தான். எவரும் வாங்காத மின்னும் தின்பண்டப் பொட்டலங்களும், குழந்தைகளின் இடைக்கச்சை முதலிய சுகாதாரக் கழிவுகளுமே வண்டிக்கு மிஞ்சும். அவற்றைக் காகிதத்தில் சுற்றித் தனியே கொடுப்பதில் என்ன இடர்? வண்டிக்காரர் கலப்பதற்கு நாம் எதையும் மிச்சம் வைக்காவிட்டால், அவர் எதைக் கலப்பார்?

“பெண்களுக்கு நேரமில்லை” என்பது மற்றொரு சாக்கு. இதனைச் சொன்னவர்கள் யாவரும் ஆண்கள் என்பதை மட்டும் குறித்துவிட்டு மேலே செல்வோம். நம் வீடுகளில் பிரித்துவைக்கும் பழக்கம் இல்லையா? பரணில் தொங்கும் துணிப்பையை எட்டிப் பாருங்கள். பிஸ்மில்லாஹ் பொறித்த திருமண அழைப்பிதழ், கிழிந்த யாஸீன் கிதாபு, அரபு எழுத்துள்ள நாட்காட்டித் தாள் ஆகியவை அனைத்தும் அதில் இருக்கும். எந்த முஸ்லிம் வீட்டிலும் எந்தத் தாய்மாரும் அவற்றை மீன்செதிலோடு போடமாட்டார். சேர்த்துவைத்து, கால்படாத இடத்தில் புதைப்பார்கள். அல்லது ஓடும் நீரில் விடுவார்கள். இதற்கு விதி எது? தண்டம் எது? கண்காணிப்புக் கருவி எது? படிப்பறியாத பாட்டியும் தவறாமல் செய்கிறாரே! எழுத்துக்குக் காட்டும் அந்த மரியாதையில் சிறுபங்கினை, அந்தப் பையைத் திறக்கப்போகும் கைக்குக் காட்டச் சொல்கிறோம். அவ்வளவே.

அன்றைய கூட்டத்தில் முன்மொழியப்பட்ட தீர்மானம் இதுதான்: வீட்டுக்கு நூற்றைம்பது ரூபாய் கூடுதலாக வசூலித்துக் கலந்த குப்பையைப் பிரிக்க இன்னும் ஒரு பெண்ணை அமர்த்துவது, கையுறை வாங்கிக் கொடுப்பது. வேலைவாய்ப்புத்தானே, தருமந்தானே என்றுகூடப் பேசினார்கள். கலந்த குப்பைக்குள் இரண்டு கைகளுக்குப் பதில் நான்கு கைகளை நுழைப்பதற்குத் தருமம் என்று பெயரா? ரப்பர் உறையை ஊசி துளைக்காதா? நூற்றைம்பது ரூபாயால் நம் சோம்பலுக்கு விலை கொடுத்துவிடலாம்; அவருடைய கையில் இறங்குவதை எந்தத் தொகையால் திரும்பப் பெறுவது?

நாம் கேட்பது வேறு. மூலையிலுள்ள தொட்டிகளை எடுத்துவிடுக. காலை ஏழிலிருந்து எட்டு வரை வாயிலில் வந்து வாங்கட்டும். கலந்த பையை வாங்க மறுக்கும் உரிமை அந்த அம்மையாருக்கு இருக்கட்டும், அது தலைவர் வீட்டுப் பையானாலும் சரி. உலர்ந்தவற்றை ஞாயிறு காலையில் காயலான் கடைக்காரர் தராசோடு வந்து எடுத்துச் செல்லட்டும்; வரும் காசு அள்ளுபவருக்கும் காவலாளிக்கும் உரியது; சங்கம் அதில் கை வைக்கலாகாது. சருகைக் கொளுத்துவது நிற்கட்டும். அந்த உறைகளைத் திறந்து சருகு தூவும் முறையை மாடிக்கு ஒரு வாரம் என்று எடுத்துக்கொள்வோம். முதல் வாரம் எங்கள் மாடி. விருந்துச் சோறும் எலும்பும் அதில் விழலாகாது. விருந்து வைப்பவர் அளவறிந்து சமைக்கட்டும். வாடகைக்கு விடுவோர் இவற்றை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடட்டும்.

நம் வீட்டு ஊசிகள் இப்போது திருகுமூடியுள்ள கெட்டியான டப்பாவில் சேர்கின்றன. நிறைந்ததும் நாமே மருத்துவமனைக்கு எடுத்துச் சென்று ஒப்படைக்கிறோம். முழங்கால் வலி இருக்கத்தான் செய்கிறது.

இம்மாதம் மூன்றாம் ஞாயிறன்று அஸருக்குப் பின் மீண்டும் கூட்டம். நூற்றைம்பது ரூபாய்த் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வருகிறது. எதிர்த்து வாக்களிக்கப் போகிறோம். தோற்கக்கூடும். குறிப்பேட்டில் ‘தெரியவில்லை’ என்று எழுதப்பட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. அதைத் திருத்தி எழுதச் சொல்லிவிட்டுத்தான் மற்றவற்றைப் பேசுவோம்.